பெண்பிள்ளைகள் தொடரில் அப்பாவுக்கு என்ன வேலை?

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளை இன்று மாலை கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

தொடர் நாடகம் ஆரம்பிக்கும் நேரம். நீங்களும் மகளும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டீர்கள். அப்பா குளித்து, கைலியை மாற்றிக்கொண்டு வருகிறார். "எப்போது பார்த்தாலும் ஒரே அழுகைதானா? வேறு வேலையே கிடையாதா?" என்று ஒரு வார்த்தை விழுகிறது. சொன்னவர் அப்பால் போகிறாரா? அதுதான் இல்லை! கதவு நிலையில் சாய்ந்தபடி பத்திரிகையைப் பிரிக்கிறார். அரை மணி நேரமாகியும் பக்கம் புரளவில்லை. மறுநாள், "நேற்று அந்தப் பெண் வீடு திரும்பினாளா? நான் தூங்கிவிட்டேனே" என்று நீங்கள் கேட்டால், பதில் சொல்பவரும் அவரே!

இது சுங்கை வே அடுக்குமாடி வீடுகளில் நடக்கிறது. கிள்ளானில் நடக்கிறது. தோட்டத்து லயத்திலும் நடக்கிறது. நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இதில் சிரிப்பைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் கதை, பெண்களுக்கென்றே எடுக்கப்பட்ட கதை, மீசை நரைத்த ஆண்களை ஏன் கட்டிப்போடுகிறது?

முகவரி பெண்ணுக்கு

தொடர் நாடகம் என்ற சரக்கே ஆதியில் பெண்களுக்காகப் பிறந்ததுதான். 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் வேளையில் இத்தகைய கதைகள் ஒலிபரப்பாகின. வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, துணி துவைத்துக்கொண்டே கேட்கும் இல்லத்தரசிகளுக்காக அவை எழுதப்பட்டன. செலவை ஏற்றுக்கொண்டவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சோப்பு நாடகம் என்றே பெயர் வந்தது.

ஜப்பான் நாட்டிலும் அப்படியே. அங்குள்ள என்.எச்.கே. நிலையம் 1961-ஆம் ஆண்டு முதல் காலை வேளையில் தொடர் ஒன்றை ஒளிபரப்பி வருகிறது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதையாக இருக்கும். காலை வேலை முடித்து மூச்சுவிடும் குடும்பப் பெண்களை எண்ணியே அந்த நேரத்தை ஒதுக்கினார்கள்.

முகவரியை என்னவோ பெண்ணுக்குத்தான் எழுதினார்கள். ஆனால் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர்கள் வீட்டிலுள்ள எல்லோரும்! அதற்குச் சாட்சி சொல்ல ஒரு ஜப்பானியச் சிறுமி இருக்கிறாள்.

ஓஷின் என்றொரு பெண்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1980-களில் நம் நாட்டுத் தொலைக்காட்சியிலும் வந்தாள் அவள். ஜப்பானில் 1983 ஏப்ரலில் தொடங்கி 1984 மார்ச் வரை, 297 பாகங்களாக ஓடிய கதை அது. எழுதியவர் சுகாகோ ஹஷிடா என்ற பெண்மணி. சராசரியாக 52.6 விழுக்காட்டு வீடுகள் அந்தத் தொடரைப் பார்த்தன என்று கணக்கெடுத்தார்கள். உச்சத்தில் அது 62.9 விழுக்காட்டைத் தொட்டது. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஓடிய பெட்டிக்கு முன்னால் பெண்கள் மட்டுமா உட்கார்ந்திருப்பார்கள்? பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை வாங்கிக் காட்டின. ஈரான் நாட்டில் பழைய துணி விற்கும் சந்தைக்கு 'தானாகுரா' என்று பெயர் விழுந்தது. அது ஓஷின் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தின் பெயர்!

கதை என்ன? மலைநாட்டுக் குத்தகை விவசாயியின் மகள் ஓஷின். வீட்டில் அரிசி இல்லை. ஒரு மூட்டை அரிசிக்காக, ஏழு வயதுப் பிள்ளையை ஊர்விட்டு ஊர் வேலைக்கு அனுப்புகிறார் தகப்பன். பனி கொட்டும் காலத்தில் தெப்பத்தில் ஏற்றி ஆற்றோடு அனுப்பும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குமரியான பிறகும் அவளுக்கு விடிவில்லை. பதினாறு வயதில் கெட்ட இடத்துக்கு விலைபோகாமல் தப்பித்து, தோக்கியோவுக்கு ஓடிப்போய்த் தலை அலங்காரத் தொழில் கற்றுக்கொள்கிறாள்.

தாய்மார்கள் அழுதது யாருக்காக? தெப்பத்தில் போகும் பிள்ளைக்காக. ஆண்களின் கண் போனது இன்னோர் இடத்துக்கு. கரையில் நிற்கும் தகப்பனைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அவன் கொடியவனா? குடும்பத்தின் மற்ற வாய்களுக்குச் சோறு வேண்டுமே என்று ஒரு பிள்ளையைக் கொடுத்தவன். அந்தக் கணக்கு நம்மவர்களுக்குப் புதிதா?

சுங்கை வே பேருந்து

நம் கதைக்கு வருவோம். தோட்டப்புறத்தில் ஒரு காலத்தில் என்ன நடந்தது? தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை பெண் படித்தாள். இடைநிலைப் பள்ளியோ பட்டணத்தில். புகுமுக வகுப்பில் ஓராண்டு, அதன் பிறகுதான் முதல் படிவம். பேருந்துக் காசு, சீருடை, புத்தகம்... கூட்டிப் பார்த்த அப்பா, "தம்பி படிக்கட்டும், நீ வீட்டிலிரு" என்றார். அவள் தங்கையை இடுப்பில் தூக்கினாள். விடியற்காலையில் அம்மாவோடு வெட்டுக்குப் போய் மங்கு துடைத்தாள்.

1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் சுங்கை வேயில் அப்படியொரு வட்டாரம் திறக்கப்பட்டது. அமெரிக்க, ஜப்பானிய மின்னியல் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்குத் தேவைப்பட்டது பெண்பிள்ளைகளின் மெல்லிய விரல்களும் கூர்மையான கண்களும். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிடச் சன்னமான கம்பியை இணைக்கும் வேலை. காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்ட். கம்பத்து மலாய்ப் பெண்களோடு தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். பலருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அந்தச் சம்பளம் எங்கே போயிற்று? தம்பியின் பள்ளிக் கட்டணமாகப் போயிற்று. தங்கையின் தாலியாகப் போயிற்று. வீட்டுக்கு முதல் தொலைக்காட்சிப் பெட்டியாகவும் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு அறுபதைத் தொட்ட ஒருவர், கதவோரம் நின்று ஒரு பெண்பிள்ளையின் கதையைப் பார்க்கிறார் என்றால், அவர் பார்ப்பது யாரை? திரையில் இருப்பவள் நடிகை. அவர் மனத்தில் இருப்பவள் அக்காள். இரவு ஷிப்ட் முடித்து வீங்கிய கண்ணோடு வந்து, சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் நீட்டிய அக்காள். அன்று அவருக்கு விவரம் தெரியாத வயது. அக்காள் தானும் எதுவும் சொன்னதில்லை. அவள் சொல்லாததை இந்தத் தொடர் சொல்கிறது. அதனால்தான் அவரால் நகர முடியவில்லை.

வேலையில் மருமகள், வீட்டில் மாமியார்

தமிழ்த் தொடர்களையே எடுத்துக்கொள்ளுங்களேன். சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' யாருடைய கதை? ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை. ஒவ்வொருத்தியையும் கரையேற்ற அவர் படும் பாட்டைப் பார்த்து, பெண்ணைப் பெற்ற எந்த ஆணால் சும்மா இருக்க முடியும்?

பிறகு 2022 பிப்ரவரியில் திருச்செல்வம் இயக்கத்தில் 'எதிர்நீச்சல்' வந்தது. 2024 ஜூன் வரை ஓடியது. மதுரையில் ஆதி குணசேகரன் என்ற அண்ணன்காரரின் வீடு. படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டு வந்து, அடுப்படியில் அடைத்து வைக்கும் வீடு. கடைசித் தம்பியின் மனைவியாக வரும் ஜனனி என்ற இளம்பெண் எதிர்த்து நிற்கிறாள். மற்ற மருமகள்களுக்கும் முதுகெலும்பு நிமிர்கிறது. இது முழுக்க முழுக்கப் பெண்களின் கதைதானே? ஆனால் குணசேகரனாக நடித்த ஜி.மாரிமுத்துவின் பேச்சைக் காப்பிக் கடையில் பேசிக் காட்டியவர்கள் ஆண்கள். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அதே தொடருக்குக் குரல் கொடுக்கப் போன இடத்தில் மாரடைப்பால் அவர் காலமானபோது, சொந்த வீட்டு இழவுபோல் வருந்திய ஆண்கள் எத்தனையோ பேர்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. குணசேகரனைப் போல் பேசிச் சிரிக்கிறார்கள். ஜனனி எதிர்த்துப் பேசும்போது கை தட்டுகிறார்கள். இரண்டும் எப்படி ஒரே மனிதருக்கு முடிகிறது?

முடியும்! ஓர் ஆணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அன்று பெரட்டுக் களத்தில் கங்காணி அதட்டினால் வாய் திறக்க முடியாது. இன்று தொழிற்சாலையில் சூப்பர்வைசர் முறைத்தால் பதில் சொல்ல முடியாது. "இது என் வீடு, என் சட்டம்" என்று சொல்லும் இடத்தில் கைகட்டி நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பகலெல்லாம் அவர் மருமகள்தான். மாலையில் வீட்டு வாசற்படி ஏறியதும் அவரே மாமியாராகிவிடுகிறார்! சாப்பாடு தாமதமானால் குரல் உயர்கிறது. மகள் ஒரு கேள்வி கேட்டால், "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்கிறார்.

தொடர் நாடகம் இந்த இரண்டு நாற்காலிகளையும் ஒரே கூடத்தில் போட்டுக் காட்டுகிறது. எதிர்த்து நிற்கும் பெண் பேசும்போது, சூப்பர்வைசரிடம் தாம் சொல்ல முடியாததை யாரோ சொல்லிவிட்ட நிம்மதி அவருக்கு. அதட்டும் அண்ணன்காரர் பேசும்போதோ, கேட்ட குரல்போல் இருக்கிறதே என்று மனத்தில் ஒரு சின்னக் குத்தல்.

நடிகையின் அழகுக்காகவா?

"அதெல்லாம் ஒன்றுமில்லை, நடிகைகள் அழகாக இருக்கிறார்கள், பார்க்கிறார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிப் பார்ப்பவர்களும் உண்டு, மறுப்பானேன்? ஆனால் அழகு மட்டும் போதுமென்றால் ஒரு சினிமாப் பாட்டு போதாதா? தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை 1,533 பாகங்கள் ஓடியதே! ஆறு வருஷம் ஒருத்தியின் சுகதுக்கத்தைப் பின்தொடர்வதற்கு அழகைவிடப் பெரிய காரணம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்களுக்கென்று எடுக்கும் படத்தில் ஒரு சண்டையில் கணக்குத் தீர்ந்துவிடும். குடும்பத்தில் எந்தக் கணக்கு அப்படித் தீருகிறது? அடுப்படியில் விழுந்த ஒரு சொல் மூன்று நாள் கழித்துக் கூடத்தில் வெடிப்பதைத் தொடர்தான் காட்டுகிறது. வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை நம் ஆண்பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. "ஆம்பிளை அழலாமா?" என்று சின்ன வயதிலேயே அடைத்துவிட்டோம். இருட்டில், பிறர் கதைக்காக, ஒரு சொட்டுக் கண்ணீர் விட அவர்களுக்குக் கிடைத்த ஒரே சன்னல் இது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கதையைக் கித்தாப்போல் இழுக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று காட்டிக் காசு பார்க்கிறார்கள். அதையெல்லாம் கண்டிக்க வேண்டியதுதான். ஆனாலும் அதைவிடப் பெரிய குறை பார்க்கும் நம்மிடம் இருக்கிறது. திரைப் பெண்ணுக்காக உருகும் மனசு, பக்கத்து அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வந்ததும் இறுகிவிடுகிறதே!

அண்ணன்மார்களே, உங்களிடம்

தொடர் பார்ப்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். தாராளமாகப் பாயில் வந்து உட்காருங்கள். உங்கள் மனம் இளகுவது பலவீனமில்லை. அது உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் இளகிய மனத்தைப் பெட்டியை அணைக்கும்போது சேர்த்து அணைத்துவிடாதீர்கள்.

எஸ்.பி.எம். எழுதப் போகும் மகள் இருந்தால், "அடுத்து என்ன படிக்க ஆசை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள். "தம்பிக்குச் செலவிருக்கிறதே" என்ற பழைய கணக்கை எடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் ஒரு தலைமுறைப் பெண்களை நாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம்.

அப்படிச் செலவழிந்தவர்களில் ஒருத்தி உங்கள் அக்காளாக இருந்தால், இன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். நலம் விசாரித்துவிட்டு, சுங்கை வே பேருந்தில் அவள் ஏறிய காலத்தைப் பற்றி மெல்லப் பேச்சைத் தொடங்குங்கள். பிறகு இத்தனை வருஷமாக யாரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்: "அக்கா, அப்போது உனக்குப் படிக்க ஆசை இருந்ததா?"