ஷேர் மார்க்கெட்டில் மாதாமாதம் வட்டியா? பணம் போடும் முன் இந்த வார்த்தைகளைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் உழைத்துச் சேர்த்த காசை முதல்முறையாகப் பங்குகளில் போட நினைக்கிறீர்களா? 2022-ல் நடந்ததை மறந்துடாதீங்க. பங்குச்சந்தையில் முதலீடு செய்து மாதாமாதம் வட்டி தருவதாகக் கூறி, வேலூர் காட்பாடியைச் சேர்ந்த ஐ.எஃப்.எஸ். நிறுவனம் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வசூலித்து மோசடி செய்ததாக பொருளாதார குற்றப்பிரிவு போலீசார் வழக்குப்பதிவு செய்தனர்.

எந்த இடத்தில் உஷாராகியிருக்கணும்? 'வட்டி' என்ற வார்த்தையிலேயே!

ஷேர், அதாவது பங்கு என்பது கடன் இல்லை. கம்பெனியில் உங்களுக்கான சிறு உரிமை. ராணிப்பேட்டையில் ஆலை வைத்துள்ள திருமலை கெமிக்கல்ஸ், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். அதில் ஒரு பங்கு வாங்கினாலும் நீங்கள் பங்குதாரர்தான். (உதாரணத்துக்குத்தான் சொல்கிறோம், வாங்கச் சொல்லவில்லை!) கம்பெனி தன் லாபத்தில் பிரித்துத் தருவது டிவிடெண்ட். தந்தே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. பங்கு விலையும் ஏறும், இறங்கும். 'மாசம் இவ்வளவு கேரண்டி' என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, டீமேட். வாங்கிய பங்குகள் இருக்கும் கணக்கு இது. உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் இருக்கணும். இன்று வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் இதில் வந்து சேரும். "பணத்தை எங்க அக்கவுண்ட்ல போடுங்க, நாங்க டிரேடிங் பண்றோம்" என்று ஒருவர் சொன்னால், உங்கள் கையில் பங்கு இருக்காது, வெறும் ரசீதுதான்.

வாங்க, விற்க புரோக்கர் தேவை. அவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை செபி இணையதளத்திலேயே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் செபியின் இலவச எண் 1800 22 7575-க்கு போன் போடுங்க.