கோடி ரூபாய் வண்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நமது சங்க உறுப்பினர்கள் வீடுகளில் காடுமேடு ஏறும் பெரிய சொகுசு வண்டிகளைப் பற்றிய பேச்சு இப்போது அதிகமாகிவிட்டது. பிள்ளைகள் வியாபாரத்துக்கு வந்துவிட்டார்கள், ஆசைப்படுவதில் தவறில்லை. நமது தம்பி மகன் சென்ற மாதம் கடைக்கு வந்து, "பெரியப்பா, டிஃபெண்டர் ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். தோட்டத்துக்கும் ஆகும், கல்யாணம் காட்சிக்குப் போகவும் ஆகும்" என்றான். போடியில் கடையும், மேட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏலக்காயைச் சல்லடையில் போட்டு, லிட்டர் எடை பார்த்து, கையில் உரசி முகர்ந்த பிறகுதான் விலை சொல்கிறோம். கோடி ரூபாய் வண்டியை மட்டும் ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டலாமா என்றுதான் கேட்டோம்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. டிஃபெண்டர் 110 வண்டியின் நீளம் பின்னால் தொங்கும் மாற்றுச் சக்கரத்தோடு 5,018 மில்லிமீட்டர், அதாவது பதினாறரை அடி. அகலம் கண்ணாடியை மடித்தால் 2,008, விரித்தால் 2,105. நாம் ஓட்டிப் பழகிய பொலேரோ 1,745தான். ஆக ஒரு சாணுக்கு மேல் அகலம் கூடுகிறது. பின்கதவு மேலே தூக்குவது அல்ல, பக்கவாட்டில் திறப்பது. சுவரை ஒட்டி நிறுத்தினால் சாமான் எடுக்க முடியாது. திரும்புவதற்குச் சுமார் 13 மீட்டர் வேண்டும். வீட்டுச் சந்து, கடைத்தெரு, கிட்டங்கி வாசல், தோட்டத்துக் கேட் என்று நாலு இடத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் விற்பனைப் பிரதிநிதியிடம் பேச்சு சுருக்கமாக முடியும்.

அடுத்து, தினசரி ஓட்டம் எப்படி என்பது. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடினால் சூடேறி அந்தக் கரி தானே எரிந்துவிடும். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், கடையிலிருந்து பேங்குக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டும் ஓட்டினால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், பணிமனைக்குத்தான் போக வேண்டும். பெரிய டீசல் வண்டிகளில் ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தபின் அணைத்தால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மலைமேல் அது தீர்ந்தால் யார் கொண்டுவருவது? வாரம் ஒருமுறையாவது தூரப் பயணம் இல்லாதவர் பெட்ரோல் வண்டியைப் பார்ப்பது நல்லது. எண்ணெய்ச் செலவு கூடும், தலைவலி குறையும்.

மேடு ஏறும் சக்தியைப் பொறுத்தவரை இந்த வண்டிகளில் குறை காண்பது கடினம். லோ ரேஞ்ச் கியர் உண்டா என்று மட்டும் கேளுங்கள். அது இல்லாமல் பாறைப் பாதையில் இறங்குவது பிரேக்கை நம்பி இறங்குவதாகும். டிஃபெண்டரிலும் உண்டு, டொயோட்டாவின் லேண்ட் குரூசரிலும் உண்டு. 900 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று டிஃபெண்டருக்குச் சொல்வது காற்றுத் தாங்கி வைத்த வண்டிக்கு, அதுவும் உயர்த்திய நிலையில். சுருள் வில் வைத்ததற்கு 850தான். தண்ணீர் இழுத்து இஞ்சின் போனால் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி பணம் தராது, அதற்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

டயர் விஷயத்தில் பையன்கள் பெரிய சக்கரத்தையே கேட்கிறார்கள். 255/70 ஆர் 18 என்றால் டயரின் பக்கச் சுவர் 255இல் 70 சதவீதம், சுமார் 178 மில்லிமீட்டர். 275/45 ஆர் 22 என்றால் 124தான். கூர்க்கல் பாதையில் அடிபடுவது இந்தச் சுவர்தான். தோட்டத்துக்குப் போகிறவருக்கு 18 அங்குலமே போதும். பார்வைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

இனி நமது துறைக்கு வருவோம். ஷோரூம் விலை 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் (முன்பு செஸ்ஸோடு 50). அந்த 1 கோடிக்குள் வரி மட்டும் சுமார் 28 லட்சத்து 57 ஆயிரம். லாரி வாங்கி இன்புட் எடுத்த பழக்கத்தில் இதையும் எடுத்துவிடலாம் என்று நமது உறுப்பினர்கள் சிலர் நினைக்கிறார்கள். ஓட்டுநரைச் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்கு நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இன்புட் கிடையாது. அதன் இன்சூரன்ஸ், பழுது பார்க்கும் செலவு ஆகியவற்றின் வரிக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அது 20 லட்சம். 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அது வருமான வரியில் கழியும். வண்டி வாசலுக்கு வருமுன் 1 கோடியே 21 லட்சமும் இன்சூரன்ஸும் கையை விட்டுப் போகிறது. தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம் எழுதலாம். முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான். குடும்ப உபயோகத்துக்கான பங்கை அதிகாரி வெட்டவும் செய்வார். பின்னால் விற்கும்போது, தேய்மானம் போக நின்ற மதிப்புக்கு மேல் கிடைத்த தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அதே தொகை பறிப்புக் காலத்தில் சரக்கில் நின்றால் எத்தனை முறை திரும்பும் என்று பக்கத்திலேயே எழுதச் சொன்னோம். தம்பி மகன் எழுதினான். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

அதனால் பழைய வண்டி பார்க்கலாமா என்றான். நமது பங்காளி ஒருவர் நாலு வருடம் ஓடிய வெளிநாட்டு வண்டி ஒன்றைப் பாதி விலைக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு மூலை தரையில் உட்கார்ந்திருந்தது. காற்றுப்பை கசிவு. அதற்கும் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கும் அவர் கொடுத்த தொகையில் ஒரு சிறிய காரே வாங்கியிருக்கலாம். எனவே பழையது பார்க்கிறவர்கள் மாலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, நாலு மூலையிலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலை மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் விலை பேச உட்கார வேண்டியதில்லை. சர்வீஸ் புத்தகம், இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம், கடன் பதிவு நீங்கியதற்கான சான்று இவையும் வேண்டும்.

எழுதும் இன்றைய தேதி வரை தம்பி மகன் முடிவு செய்யவில்லை. சென்ற ஞாயிறு தோட்டத்துக்குப் போய் அளந்து வந்தான். கீழ்க்கேட் 6 அடி 10 அங்குலம். கண்ணாடியை மடித்தால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் மிஞ்சும். தூணை இடித்துக் கட்ட என்ன ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கிறான்.