பெட்டியில் சூயிங்கம் வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் கிளம்புகிறீர்களா? பெட்டியில் முறுக்கு, மாவுருண்டை இருக்கட்டும், சூயிங்கத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். 1992 ஜனவரி 3 முதல் அங்கே அதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. மெல்வது குற்றமில்லை; நாட்டுக்குள் கொண்டுபோவதுதான் குற்றம்!

தடைக்கு முன்பு, மென்ற சூயிங்கத்தைச் சாவித் துவாரம், தபால் பெட்டி, லிஃப்ட் பொத்தான் என்று எங்கு பார்த்தாலும் ஒட்டிவைத்தார்கள். 1987-இல் மெட்ரோ ரயில் வந்தது. கதவு சரியாக மூடியதா என்று பார்க்கும் சென்சாரிலும் ஒட்டினார்கள். கதவு மூடாது, ரயில் நகராது. அரசு பொறுமையிழந்தது.

அமெரிக்காவுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2004-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். புகைபிடிப்பதை விடுவதற்கான நிகோடின் கம் போன்றவை மட்டும், அதுவும் மருந்தாளுநரிடமோ பல் மருத்துவரிடமோதான் கிடைக்கும்.

பிரிட்டன் தடை போடவில்லை. 2021-இல், சூயிங்கம் தயாரிக்கும் நிறுவனங்களிடமே பணம் வாங்கி, நடைபாதையைச் சுத்தம் செய்ய உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. விற்றவரே செலவை ஏற்கும் இந்த வழி நியாயமாகத்தான் படுகிறது. பெரும்பாலான சூயிங்கத்தின் அடிப்பொருள் பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்தது. மழையில் கரையாது, வெயிலில் உதிராது. ஆள் வைத்துத்தான் சுரண்ட வேண்டும்.