எள்ளலும் திறனாய்வும்: இரு கவிஞர் கண்ட முதியவர்

புகழ்பெற்ற கவிஞரொருவரின் படைப்பை அடியொற்றி நகைச்சுவையாகப் பாடப்பெறும் செய்யுள்களை ஆய்வாளர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஓய்வுநேர விளையாட்டு என்றோ, மூலக் கவிஞரைச் சிறுமைப்படுத்தும் முயற்சி என்றோ அவை ஒதுக்கப்படுகின்றன. ஆயின், நகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தெண்ணியது தொல்காப்பியம். அவ்வெள்ளல் திறனாய்வாகவும் அமையக்கூடும் என்பதை ஆங்கில இலக்கிய எடுத்துக்காட்டு ஒன்றின்வழி நோக்குவோம்.

வில்லியம் வேட்ஸ்வேர்த் 1802 இல் இயற்றி 1807 இல் வெளியிட்ட ‘மனவுறுதியும் தற்சார்பும்’ என்னும் கவிதை யாவரும் அறிந்தது. எதிர்காலம் பற்றிய அச்சத்தாற் சோர்வுற்ற கவிஞர், தனித்த வெளியொன்றில் முதியவரொருவரைக் காண்கிறார். மருத்துவத்துக்குப் பயன்படும் அட்டைகளைக் குளங்களிற் பிடித்து விற்பது அவர் பிழைப்பு. அவரது தொழில் யாதெனக் கவிஞர் வினவுகிறார். விடை கிடைக்கும்போதே கவிஞரின் உள்ளம் தம் துயரில் ஆழ்ந்துவிடுகிறது. எனவே அதே வினாவை மீண்டும் எழுப்புகிறார். ஈற்றில், முதியவரின் உறுதியை எண்ணித் தாம் தேறுதல் பெறுகிறார்.

இக்கவிதைக்கு அடிப்படையான சந்திப்பைக் கவிஞரின் தங்கை டொரதி, 1800 ஒக்டோபர் 3 ஆம் திகதி நாட்குறிப்பிற் பதிவுசெய்துள்ளார். முதியவருக்குப் பிறந்த பிள்ளைகள் பத்து, எஞ்சியவன் ஒருவனே. அட்டைகள் அருகிவிட்டன, முன்னர் நூறு அட்டைக்கு இரண்டரைச் சிலிங்காக இருந்த விலை முப்பது சிலிங்காக உயர்ந்திருந்தது. அட்டை கிடைக்காமையால் அவர் இரந்துண்டு வாழ்ந்தார். இக்குறிப்பிற் காணும் இரவலர், கவிதையில் தொழிலைக் கைவிடாத உறுதியின் உருவமாக மாறிவிடுகிறார்.

ஒக்ஸ்போட்டிற் கணித விரிவுரையாளராக இருந்த லூயிஸ் கரோல், இக்கவிதையை அடியொற்றிய பாடலொன்றை 1856 இல் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். பின்னர் அதனைத் திருத்தி, 1871 இல் வெளிவந்த ‘கண்ணாடியினூடாக’ என்னும் நூலில் வெள்ளைக் குதிரைவீரனின் பாட்டாக அமைத்தார். அவர் பின்பற்றியது மூலத்தின் யாப்பையன்று, அதன் நிகழ்ச்சியமைப்பையே. இங்கும் ஒருவன் முதியவரிடம் பிழைப்பு யாதெனக் கேட்கிறான். அவர் மீன்கண்களைத் தேடியெடுத்துச் சட்டைப் பொத்தான்கள் செய்வது போன்ற விந்தைத் தொழில்களை விவரிக்கிறார். கேட்டவனோ, தாடிக்குப் பச்சைச் சாயமிட்டு அதனை விசிறியால் மறைப்பது எவ்வாறு என்னும் ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கிறான். விடை செவியில் ஏறாமையால் முதியவரை அடித்து மீண்டும் கேட்கிறான். பிற்காலத்தில் அவரை நினைந்து கண்ணீரும் வடிக்கிறான்.

நகைப்புக்கு இடமாவது முதியவரன்று. வினவிவிட்டு விடையைக் கேளாதவனே. வேட்ஸ்வேர்த்தின் கவிதையிற் சிந்தனையின் ஆழமாகத் தோன்றிய கவனப்பிசகை, கரோல் அதன் இயல்பான முடிவுவரை நீட்டிக் காட்டுகிறார். உழைப்பாளியின் வாழ்வு கவிஞரின் மனச்சோர்வுக்கு மருந்தாகிறது. அவ்வாழ்வின் துன்பமோ அப்படியே நிற்கிறது. பக்கம் பக்கமான விமர்சனம் கூறவேண்டியதை ஒரு விளையாட்டுப் பாடல் சுட்டிவிடுகிறது. மூலத்தை நுணுகிக் கற்றவராலன்றி இது இயலாது. அவ்வகையில் இஃது ஓர் அஞ்சலியுமாகும்.

எனினும், கரோலுக்கும் ஓர் எல்லையுண்டு. அவர் காட்டும் முதியவருக்கும் உண்மையான தொழிலோ பசியோ இல்லை. அவர் விந்தைப் பாத்திரமாகவே நின்றுவிடுகிறார். பத்துப் பிள்ளைகளையும் அட்டையின் விலையையும் கேட்டறிந்து எழுதிவைத்தது டொரதியின் நாட்குறிப்பொன்றே.

உழைக்கும் மக்களைப் பாடுபொருளாகக் கொள்ளும் முற்போக்கு எழுத்தாளராகிய நாமும் இவ்வெள்ளலுக்குப் புறம்பானவரல்லேம். அவர்களிடம் வினாக்களைத் தொடுக்கும் நாம், அவர்கள் கூறும் விடைக்குச் செவிசாய்க்கிறோமா, அன்றி எமது தாடியின் நிறத்தைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருக்கிறோமா என்பது எம்மை நாமே கேட்கவேண்டிய வினாவாகும்.