கணினியும் ஊருக்கொரு நேரமும்



2022-ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 24-ஆம் நாள் வந்தது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, விருந்தினர் கூட்டம் சற்றே ஓய்ந்த வேளையில், கிள்ளானில் ஒரு தாயும் தந்தையும் இலண்டனில் படிக்கும் மகளைக் கணினி வழி அழைத்து முகம் பார்த்துப் பேசியதாக வைத்துக்கொள்வோம். அங்கே அப்போது காலை மணி ஏழு. மகள் குளித்து முடித்துப் புத்தாடையோடு திரையில் தோன்றினாள். மறு ஆண்டுத் தீபாவளி நவம்பர் 12-ஆம் நாள். பெற்றோர் அதே இரண்டு மணிக்கு அழைக்கிறார்கள். மகளோ தலையணையிலிருந்து முகத்தைத் தூக்காமலே, "அம்மா, இங்கே மணி ஆறுதான் ஆகிறது" என்கிறாள்.

கடிகாரம் எதுவும் பழுதாகவில்லை. இங்கிலாந்தில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி பின்னே இழுத்துவிடுவார்கள். அதனால் நமக்கும் இலண்டனுக்கும் உள்ள இடைவெளி கோடையில் ஏழு மணி, குளிர்காலத்தில் எட்டு மணி. தீபாவளியோ அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே நகர்கிற பண்டிகை. ஓராண்டு அந்த ஞாயிற்றுக்கு முன்னே விழுகிறது, மற்றோர் ஆண்டு பின்னே விழுகிறது. "இலண்டன், ஏழு மணி பின்" என்று ஒரு தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தாள் ஆண்டில் ஏழு மாதம் உண்மை பேசும். மீதி ஐந்து மாதம் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பும்.

ஆகவே கணினியிடம் மணிக்கணக்கைச் சொல்லாமல் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஏன் என்பதை அறியக் கணினி நேரத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்ப்போம்.

கணினிக்குள் கோலாலம்பூருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுவதில்லை. உள்ளே ஓடுவது ஒரே ஓர் எண்ணிக்கை. பெரும்பாலான கணினிகளில் அது 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அனைத்துலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி எத்தனை விநாடிகள் கடந்தன என்ற எண்ணிக்கை. அது நூறு கோடியைத் தொட்ட நேரம் 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் வந்தது. அந்த நொடியில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காலை 9 மணி 46 நிமிடம் 40 விநாடி. சென்னையில் 7 மணி 16 நிமிடம். இலண்டனில் விடிவதற்கு வெகு முன்னே, 2 மணி 46 நிமிடம். எண் ஒன்றுதான். அதை ஊர் நேரமாக மொழிபெயர்த்துக் காட்டுவதற்கு மட்டும் கணினி ஓர் அட்டவணையைப் புரட்டுகிறது. எந்த ஊர், எந்தத் தேதியில், பொது நேரத்துக்கு எத்தனை மணி முன்பின்னாக இருந்தது என்பதே அந்த அட்டவணை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. மடிக்கணினியோடு வெளியூர் போகிறவர் சிலர், அங்கே இறங்கியதும் கடிகார முள்ளைத் திருப்புவதுபோல் மணியை மட்டும் கையால் மாற்றிவிடுகிறார்கள். திரையில் நேரம் சரியாகத் தெரியும். உள்ளே இருக்கும் விநாடிக் கணக்கு கெட்டுப் போகும். நாட்குறிப்பில் உள்ள சந்திப்புகள் தவறான வேளையில் மணியடிக்கும். மாற்ற வேண்டியது ஊரைத்தான். மணியைத் தொடவே கூடாது.

விண்டோஸ் கணினியில் நம் ஊர் நேரத்தோடு மேலும் இரண்டு ஊர்களின் கடிகாரங்களை வைத்துக்கொள்ள வசதி உண்டு. நேர அமைப்பில் கூடுதல் கடிகாரங்கள் என்ற பகுதியைத் திறந்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இலண்டனைத் தேடுகிறவர், பட்டியலில் சுழியம் என்று போட்டிருக்கும் வரிகளில் கண்ணில் படுவதைத் தட்டிவிடுவார். அங்கே டப்ளின், எடின்பரோ, லிஸ்பன், இலண்டன் என்று ஒரு வரி இருக்கும். மொன்ரோவியா, ரெய்க்யவீக் என்று வேறொரு வரியும் இருக்கும். குளிர்காலத்தில் இரண்டும் ஒரே மணியைக் காட்டும். ஆனால் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவீக்கில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டிசம்பரில் தவறாகத் தட்டியவருக்கு ஏப்ரலில்தான் பிழை தெரியவரும். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருப்பவர்களும் இப்படியே கவனமாக இருக்க வேண்டும். மெல்பர்னும் சிட்னியும் கடிகாரத்தை மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது. பெர்த் நகரத்துக்கோ ஆண்டு முழுதும் நம்முடைய மணியேதான்.

ஊர்ப் பெயரை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஊரின் மணியை முடிவு செய்கிறவை அரசாங்கங்கள். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லெபனானில் நடந்ததைப் பாருங்கள். கோடைக்கால நேரம் தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கையில், ரமலான் மாதத்தை ஒட்டி அதைத் தள்ளி வைப்பதாக அரசு அறிவித்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். சில நாள் ஒரே நாட்டில் இரண்டு மணி ஓடியது. பிறகு அரசே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதச் சந்திப்பை இத்தனை விநாடி என்று எண்ணாக மாற்றி வைத்தவர், இப்படி ஓர் ஆணை வந்தால் ஏமாந்து போவார். "பெய்ரூட், காலை பத்து மணி" என்று வைத்தவர் தப்புவார். நடந்து முடிந்ததைப் பொது நேரத்தில் பதியலாம். நடக்கப் போவதை ஊரோடு சேர்த்தே எழுத வேண்டும். எக்ஸெல் ஏட்டில் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்லலாம். அந்த ஏட்டில் எழுதும் மணியோடு ஊர் தானாக ஒட்டிக்கொள்ளாது. பக்கத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி ஊரை நீங்களேதான் எழுத வேண்டும்.

லெபனான் ஆணையை மாற்றியது என்று சிரிக்கிற நாம், நம் சொந்த ஊர்க் கணக்கைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். 1905-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தொடங்கி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பொது நேரத்துக்கு ஏழு மணி முன்னே கடிகாரம் வைத்தார்கள். 1933-இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம் கூட்டி ஏழரை மணி ஆக்கினார்கள். ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி. தோட்டத்தில் இருட்டிலே பெரட்டு என்பார்களே, அந்த ஆண்டுகளில் கடிகாரத்தின்படி இருட்டு இன்னும் நீண்டது. 1945-இல் மீண்டும் ஏழரைக்கு வந்தோம். சபாவும் சரவாக்கும் எட்டு மணியில் இருந்தமையால், நாடு முழுதும் ஒரே நேரமாக வேண்டும் என்று தீபகற்பம் எட்டுக்கு மாறியது. சிங்கப்பூரும் உடன் மாறிற்று. அது நடந்தது 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு. பதினொன்றரை மணி அடித்ததும் முள்ளை நேரே பன்னிரண்டில் வைத்தார்கள். 1982 பிறந்துவிட்டது. அன்றிரவு 11 மணி 45 நிமிடம் என்ற ஒரு நேரம் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்ததே இல்லை.

அரை மணிதானே என்று விட்டுவிடலாமா? நாம் அறிந்த ஒரு வீட்டில் அந்த அரை மணி ஒரு திருமணத்தையே நிறுத்தப் பார்த்தது.

மாப்பிள்ளை 1979 செப்டம்பர் இறுதியில் தைப்பிங்கில் பிறந்தவர். பிறப்புப் பத்திரத்தில் காலை 6 மணி 10 நிமிடம் என்று இருந்தது. பெண் வீட்டார் புதிதாக வாங்கிய சோதிடச் செயலியில் அதைத் தட்டினார்கள். சிம்ம லக்னம் என்று வந்தது. லக்னத்துக்குப் பன்னிரண்டாம் இடமான கடகத்தில் செவ்வாய் நின்றதால் செவ்வாய் தோஷம் என்றும் வந்தது. பேச்சு அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் தாயார் மட்டும், "பிறந்தபோது எழுதிய ஜாதகத்தில் கன்னி லக்னம், தோஷம் இல்லை என்றுதான் ஐயா எழுதிக் கொடுத்தார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய காலத்து மனிதர் தவறாக எழுதியிருப்பார், கணினி தவறு செய்யுமா என்பது மற்றவர்களின் எண்ணம்.

தவறு கணினிப் பக்கம்தான் இருந்தது. அந்தச் செயலி மலேசியா என்றதும் எட்டு மணியைக் கழித்திருக்கிறது. 1979-இல் தைப்பிங்கில் கழிக்க வேண்டியது ஏழரை. பிள்ளை பிறந்த வேளையை அரை மணி முன்னதாகக் கொண்டு போய்விட்டது. ஒரு லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்பது. ஆகவே இந்த அரை மணிப் பிழை சுமார் நால்வரில் ஒருவருக்கு லக்னத்தை மாற்றிவிடும். நட்சத்திரத்துக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஏனெனில் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சந்திரன் ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறான். ஏழரையைக் கழித்துப் பார்த்தபோது கன்னி லக்னம் வந்தது. செவ்வாய் பதினோராம் இடத்துக்குப் போனது. தாயார் சொன்னதே சரியாயிற்று. சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்புகிறவர்களானாலும், இல்லாத தோஷத்துக்காக ஒரு சம்பந்தத்தை விட வேண்டியதில்லை அல்லவா?

இதே பிள்ளை கூச்சிங்கில் பிறந்திருந்தால் எட்டு என்பதே சரி. சரவாக் அப்போதே எட்டில்தான் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் பிறந்த நம் பெரியவர்களுக்கோ பிழை மறுபக்கம் போகும். ஒன்பதைக் கழிக்க வேண்டிய இடத்தில் எட்டைக் கழித்தால், பிறந்த வேளை ஒரு மணி நேரம் பிந்திவிடும்.

இந்தப் பழங்கணக்கையெல்லாம் ஓர் இடத்தில் திரட்டி வைத்திருக்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கிய நேர மண்டலத் தொகுப்பு அது. பின்னர் பால் எகர்ட் அதைப் பேணி வருகிறார். அதில் ஊர்கள் கண்டத்தின் பெயரோடு, ஆசியா சாய்கோடு சிங்கப்பூர், ஆசியா சாய்கோடு கூச்சிங் என்று பதிவாகியிருக்கும். கைப்பேசிகளும் லினக்ஸ் கணினிகளும் இதைத்தான் புரட்டுகின்றன. விலையில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், 2011-இல் இந்த இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம். பிறந்த வேளையைக் கணிக்கத் தாங்கள் உரிமை பெற்றிருந்த நூலிலிருந்து தகவல் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வரலாற்று நிகழ்ச்சிகள் யாருக்கும் தனிச்சொத்தாகா என்று எதிர்வாதம் எழுந்தது. 2012 தொடக்கத்தில் நிறுவனம் வருத்தம் தெரிவித்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தொகுப்பு இன்றும் ஆண்டுக்குப் பல முறை புதுப்பிக்கப்படுகிறது. கணினி புதுப்பிப்புக் கேட்கும்போது வேண்டாம் என்று தள்ளுகிறவர்கள் இதையும் சேர்த்தே தள்ளுகிறார்கள்.

விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் பட்டியலில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் எட்டு மணி மட்டுமே உண்டு. பழைய ஏழரை இல்லை. அன்றாட வேலைக்கு அது போதும். அந்தப் பட்டியலை மட்டும் நம்பி எழுதிய சோதிடச் செயலிக்குத்தான் போதாது. உங்கள் வீட்டில் உள்ள செயலி எத்தகையது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பிறந்த ஊர் ஈப்போ என்று கொடுத்து, முதலில் 1983 ஜனவரி 1, பகல் 12 மணி என்று தட்டுங்கள். பிறகு 1981 ஜனவரி 1, அதே 12 மணி என்று தட்டுங்கள். முதலாவதற்கு எட்டு என்றும் இரண்டாவதற்கு ஏழரை என்றும் காட்டினால் கவலை இல்லை. இரண்டுக்கும் எட்டு என்றே காட்டினால், 1982-க்கு முன் தீபகற்பத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களுக்கு, வேறுபாட்டைக் கேட்கும் கட்டத்தில் 7:30 என்று நீங்களே எழுதிவிட்டுப் பிறகு கணிக்கச் சொல்லுங்கள்.