வாடகை வீட்டில் விளக்கும் அடுப்பும்

1990ஆம் ஆண்டு யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயின் விலையோ எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அப்போது எமது மக்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அளவாக எண்ணெய் விட்டு, மெல்லிய திரி கொளுத்தினார்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போன இடத்திலும் அதுவே விளக்கு.

இன்று மின்சாரம் இருக்கிறது. ஆனால் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது, விதை வெங்காயத்துக்கு ஒதுக்கிய காசு பல வீடுகளில் மின்பட்டியலுக்கே போயிற்று. சொந்த வீடென்றால் கூரையில் சூரியத் தகடு போடலாம். எப்போது விடச் சொல்வார்களோ தெரியாத வீட்டில் அது முடியாது. ஆகவே, போகும்போது கையோடு கொண்டுபோகக்கூடிய வழிகளையே பார்ப்போம்.

முதலில் மானி. வீட்டு மின்கட்டணம் படிமுறையில் அறவிடப்படுகிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால், முதல் அலகுகளுக்கும் கூடிய விலை விழும். நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மானியில் 45 அலகு வீதம் பாவித்தால், மொத்தம் 90. இருவரும் சிக்கனமாக இருந்தும் இருவருக்கும் நட்டம். எனவே குடிபுகுமுன் தனி மானி உண்டா என்று கேளுங்கள். இல்லையேல் பங்கிடும் முறையைப் பேசித் தீருங்கள். குடிபுகும் நாளில் மானியின் இலக்கத்தை வீட்டுக்காரர் முன்னிலையில் எழுதிவையுங்கள்.

அடுத்தது விளக்கு. 60 வாற் பழைய மின்குமிழ் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 9 வாற் எல்.ஈ.டி. மின்குமிழுக்கு ஒன்றரை அலகுகூட ஆகாது. வீட்டுக்காரரின் குமிழைக் கழற்றிப் பத்திரமாக வைத்து, உங்களுடையதை மாட்டுங்கள்.

மூன்றாவது அடுப்பு. திறந்த மூன்று கல் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். சுற்றி மூடிய களிமண் அடுப்பு அதைப் பானைக்குக் கொடுக்கும். ஊமலையும் பனை மட்டையையும் மாரிக்கு முன்பே கூரைக்குக் கீழ் சேருங்கள். ஈரவிறகு தன் ஈரத்தைப் போக்கவே சூட்டின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பயறு, கடலையை இரவே ஊறவையுங்கள். குத்தரிசி பாதி வெந்ததும் பானையை இறுக மூடி, வைக்கோல் நிரப்பிய பெட்டியில் புதைத்துச் சாக்கால் போர்த்துங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திறக்காவிட்டால், பானையின் சூட்டிலேயே மிகுதி வெந்துவிடும்.

வீடு மாறும் நாளில் பழைய குமிழ்களை மீண்டும் மாட்டி, மானியின் இலக்கத்தை மறுபடி எழுதிக் கணக்குத் தீருங்கள். உங்கள் குமிழ்களும் அடுப்பும் பெட்டியும் உங்களோடு வரட்டும். சொந்த வீட்டுக்குத் திரும்பும் நாளிலும் அவை உதவும்.