டிஸ்க் செத்தாலும் படம் ஓடும்

கல்யாண வீடியோ, பிள்ளைகளின் போட்டோ, சேர்த்துவைத்த சினிமாக்கள் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு, டிவியிலும் போனிலும் பார்க்க வைப்பதுதான் மீடியா சர்வர். ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளை நிறுவுவது பெரிய வித்தை அல்ல. இரவு பகலாகச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் கவலை தரும் பேர்வழி.

ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்குகளைக் கண்காணித்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற வசதி உண்டு. பழுதானவற்றில் பாதிக்கும் மேல், அதன் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே போய்ச் சேர்ந்திருந்தன.

ஆகவே, டிஸ்க் எப்படியும் ஒருநாள் சாகும் என்று வைத்துக்கொண்டே சர்வரைக் கட்ட வேண்டும். பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய ‘ரெய்டு’ கட்டுரை சொன்னதும் அதைத்தான். பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தகவல் தப்பும்படி வைக்கும் முறைதான் ரெய்டு. மூன்று டிஸ்க் இருக்கிறது என்று கொள்வோம். முதல் இரண்டில் உள்ள பிட்கள் வேறுவேறாக இருந்தால் மூன்றாவதில் 1. ஒன்றாக இருந்தால் 0. முதலாவதில் 1, இரண்டாவதில் 0 என்றால் மூன்றாவதில் 1. இப்போது இரண்டாவது செத்துவிட்டது. மிச்சம் இருப்பவை 1, 1. இரண்டும் ஒன்றே, எனவே தொலைந்தது 0. இந்தச் சின்னக் கணக்கை வைத்தே புது டிஸ்கை நிரப்பிவிடலாம்.

பொறுமை வேண்டும். 16 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் 22 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு.

ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் விடுவது சுத்த அசட்டுத்தனம். வீட்டுப் பிள்ளை தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டு அதை எல்லா டிஸ்கிலும் அக்கறையாக அழித்துவைக்கும். சினிமாவை மறுபடி தேடிக்கொள்ளலாம். கல்யாண வீடியோவையும் போட்டோக்களையும் தனி டிஸ்கில் நகலெடுத்து அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்துவைப்பது நல்லது.

அடுத்தது கரன்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் அரைகுறையாக நின்றுவிடும். யூபிஎஸ் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அது தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்லி, ஒழுங்காக அணையவைக்க யூஎஸ்பி கேபிள் ஒன்றும் பல மாடல்களில் உண்டு. அதைச் செருகாவிட்டால், யூபிஎஸ் வாங்கியதில் பாதிப் பலன் வீண்.